வந்த வழிக்கு நன்றி

முதுமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முதுமையில் பயணம், முதுமையில் குடும்பம், முதுமையில் நன்றி என்று தனித்தனியாகப் பேசுவோர் பலர். மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது என் துணிபு. வயது முதிர்ந்தவர்கள் தம்மை வாழவைத்த இடங்களையும் மனிதர்களையும் தேடிச் சென்று நன்றி செலுத்தவேண்டும். அந்தப் பயணத்துக்குத் துணை நிற்பது குடும்பத்தின் கடன். அப்படிச் செலுத்திய நன்றி, பின்னால் வருகிறவர்களுக்கு வழிகாட்டும்போது நிறைவு பெறுகிறது. இதைச் சொல்லிவிட்டுப் போனால் போதாது, நிறுவவேண்டும். நிறுவுவதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தேடிக் கடல் கடந்து போகவேண்டியதில்லை. நம் மாத்தளை மாவட்டத்தின் ஊடாகச் செல்லும் நெடுஞ்சாலை ஒன்றே போதும்.

எந்த நெடுஞ்சாலை? யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 வீதி. தம்புள்ளை, நாவுலை, நாலந்தை, அலுவிகாரை என்று வந்து அது மாத்தளை நகருக்குள் நுழைகிறது. தம்புள்ளையிலிருந்து இங்கு வர 45 கிலோமீற்றர் அளவுதான். இந்தச் சிறு தூரத்துக்குள் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. தம்புள்ளையிலிருந்தே தொடங்குவோம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து அரசன் வலகம்பா, தென்னிந்தியப் படையெடுப்பில் முடியிழந்தான். பதினான்கு ஆண்டுகள் காட்டிலும் மலையிலும் மறைந்து வாழ்ந்தான். தம்புள்ளைக் குகைகள் அவனுக்குப் புகலிடம் தந்தன என்பது வழிவழியாக வரும் செய்தி. மீண்டும் அரியணை ஏறிய பிறகு அவன் என்ன செய்தான்? ஒளிந்து கிடந்த காலத்தை அவமானம் என்று மறைத்தானா? இல்லை. ஒண்டியிருந்த குகைகளையே விகாரைகளாக்கினான். 1991இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த அந்தக் குகைக் கோயிலுக்கு இன்று உலகமெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். ஓவியங்களைப் பார்க்கிறார்கள், சிலைகளைப் பார்க்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு மனிதனின் நன்றி. துன்ப காலத்தில் தாங்கிய இடத்தை, இன்ப காலத்தில் நினைத்துத் திரும்பிய மனம் அது. நன்றிக்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்குத் திரும்பிச் செல்லும் கால் வேண்டும் என்பதற்குத் தம்புள்ளை முதற்சான்று.

தம்புள்ளைக்கு அருகிலேயே சிகிரியா நிற்கிறது. அழகில் அதற்கு இணை சொல்வது அரிது. ஆனால் அந்தக் குன்றின் கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். தாதுசேனன் என்ற மன்னன் கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் கட்டினான். அவன் மகன் காசியப்பன் தந்தையைச் சிறைப்படுத்தி அரசைப் பறித்தான். மறைத்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டபோது, தாதுசேனன் அந்தக் குளத்து நீரைக் காட்டி, என் செல்வமெல்லாம் இதுதான் என்று சொன்னதாகச் சூளவம்சம் கூறுகிறது. மகனுக்கு அது விளங்கவில்லை. தந்தை கொல்லப்பட்டான். 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன், குன்றின் உச்சியில் அரண்மனை கட்டிக்கொண்டு வாழ்ந்தான். அரசர் கதைதானே என்று இதைத் தள்ளிவிட முடியுமா? அப்பா என்ன சேர்த்துவைத்தார் என்று கேட்கிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அப்பா எங்களை எப்படி வளர்த்தார் என்று கேட்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் கேள்வி வீட்டைப் பிரிக்கும். இரண்டாவது கேள்வி வீட்டைச் சேர்க்கும். ஊர் முழுவதும் வயல் நனைய வாழ்ந்த ஒரு தகப்பனின் செல்வம் நீராகக் கண்முன்னே விரிந்து கிடந்தும், அதைச் செல்வம் என்று காணாத மகனின் வறுமையைவிடப் பெரிய வறுமை எது?

இன்னும் தெற்கே வாருங்கள். அலுவிகாரை. அதே வலகம்பா மன்னனின் காலத்தில் பௌத்தர்களின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இங்கேதான். அதுவரை அது பிக்குகளின் நினைவில் மட்டுமே வாழ்ந்தது. வாயால் ஓதி, காதால் கேட்டு, தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்தார்கள். போரும் பஞ்சமும் வந்தபோது அச்சம் பிறந்தது. ஓதத் தெரிந்த மூத்தவர் இறந்தால் ஓதப்பட்டதும் அவரோடு போய்விடுமே என்ற அச்சம். அந்த அச்சம் அவர்களை எழுத வைத்தது. இதிலிருந்து நம் குடும்பங்கள் கற்கவேண்டியது என்ன? நம் வீட்டு மூத்தவர்களின் நினைவிலும் ஒரு நூல் இருக்கிறது. மூதாதையர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கங்காணியின் கீழ் வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார்கள், எந்த லயத்தில் யார் பிறந்தார்கள் என்பதெல்லாம் அந்த நூலில் உண்டு. இன்று பல குடும்பங்களில் திருச்சிப் பக்கம், நாமக்கல் பக்கம் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. ஊரின் பெயர் போய்விட்டது. உறவின் பெயர் போய்விட்டது. நாம் யாருக்குக் கடன்பட்டோம் என்பதே தெரியாவிட்டால் யாருக்கு நன்றி சொல்வது? கேட்டு எழுதிவைக்காத குடும்பத்தில் நன்றியும் ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும்.

இனி இந்த வீதியின் உயிரான கதைக்கு வருகிறேன். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், மலைநாட்டில் கோப்பிப் பயிர் தொடங்கியது. அதற்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் புறப்பட்டார்கள். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் பின்னால் நின்று தள்ளின. தூரில் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தை முன்னால் நின்று இழுத்தது. கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து வறண்ட காட்டு வழியே ஏறக்குறைய 150 மைல் நடந்தார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று நீண்ட அந்த வடக்குப் பாதையின் முடிவில் மலைநாட்டின் வாசலாக இருந்த ஊர் எது? மாத்தளை. தண்ணீர் கிடைக்காமல் இறந்தவர் உண்டு. வாந்திபேதியில் விழுந்தவர் உண்டு. காய்ச்சலில் கிடந்தவர்களை விட்டுவிட்டுப் போகவேண்டிய நிலை உற்றாருக்கு வந்தது உண்டு. அவர்கள் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. அவர்களுக்குக் கல்லறை இல்லை, நடுகல் இல்லை. அவர்கள் விழுந்த வழியில் நடந்து வந்து பிழைத்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களுமே இந்த மலைநாட்டின் காடுகளைத் தோட்டங்களாக்கியவர்கள்.

பிழைத்து வந்தவர்கள் மாத்தளையில் என்ன செய்தார்கள்? இங்கே ஒரு மரத்தடியில் சிறு உருவமாக வீற்றிருந்த மாரியம்மனின் முன்னே கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்பது மலையகம் போற்றிக் காக்கும் மரபு. மாரி மழையின் தெய்வம், நோயைத் தணிக்கும் தெய்வம். தாகத்தாலும் நோயாலும் சூழப்பட்ட வழியைக் கடந்தவர்களுக்கு வேறு எந்தத் தெய்வம் இவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரத்தடியாக இருந்த அந்த இடம், இன்று 108 அடி இராசகோபுரம் எழுந்த முத்துமாரியம்மன் தேவஸ்தானம். 1983 கலவரத்தில் அது தீக்கிரையானது. மக்கள் மீண்டும் எழுப்பினார்கள். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதி உலா வருகின்றன. தேரின் வடத்தைப் பிடிப்பவர்களைப் பாருங்கள். எந்த எந்தத் தோட்டத்திலிருந்தோ பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த முதியவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் வருவது வேடிக்கை பார்க்க என்று யாராவது சொல்லமுடியுமா? முன்னோர் உயிர் தப்பி வந்து நின்ற இடத்தில், தன் வாழ்வின் பிற்பகுதியில் ஒருவர் தன் பேரனோடு வந்து நிற்கிறார். பயணம், குடும்பம், நன்றி என்று நான் சொன்ன மூன்றும் அந்த ஓர் இடத்தில் கூடி நிற்பதை நாம் கண்ணால் காண்கிறோம்.

குடும்பம் என்று சொன்னேன். மலையகத்தில் குடும்பம் உருவான வரலாற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் அதே காட்டு வழியே திரும்பி நடந்தவர்கள். 1869 முதல் கோப்பி இலைநோய் பரவி அந்தப் பயிரை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது; ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், அதிலும் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் இங்கேயே தங்கின. லயத்துக் காம்பராவில் பிள்ளை பிறந்தது. பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத் தாய் மலைக்குப் போனாள். விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட்டு, தேத்தண்ணி வைத்து, பிரட்டுக்களத்துக்கு ஓடி, பகல் முழுதும் கூடை சுமந்து, மாலையில் திரும்பி அடுப்பு மூட்டினாள். இப்படி வாழ்ந்த ஒரு பெண் வயது முதிர்ந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஓய்கிறாளா? மகள் கொழும்பிலோ வளைகுடா நாட்டிலோ வேலை செய்ய, பேரப்பிள்ளைகளை வளர்ப்பது யார்? அவள்தான். அவளுடைய கணவன், அவளுடைய பிள்ளைகள் ஒருமுறையேனும் அவள் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னதுண்டா? முதுமையில் நன்றி சொல்லப் புறப்படுகிற ஆண்மகன் முதலில் நடக்கவேண்டிய தூரம் நெடுந்தூரம் அன்று. இஸ்தோப்பிலிருந்து அடுப்படி வரை நடந்தால் போதும். அங்கே சொல்லாத நன்றியைக் கோயிலில் போய்ச் சொல்வதால் கடன் தீராது.

நம் தமிழ் மரபு இதை எப்படிப் பார்த்தது? வள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என்ற அதிகாரத்தைத் துறவறத்தில் வைக்கவில்லை, இல்லறத்தில் வைத்தார். எந்த வரிசையில் வைத்தார் என்று பாருங்கள். இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணை, மக்கட்பேறு, அன்பு, விருந்தோம்பல், இனியவை கூறல், அதன்பின் செய்ந்நன்றி அறிதல். வீட்டை அமைத்து, பிள்ளைகளைப் பெற்று, அன்பு செய்து, வழிநடந்து வந்தவனுக்குச் சோறிட்டு, இனிமையாகப் பேசிய பிறகே நன்றி வருகிறது. குடும்பத்துக்கும் வழிப்போக்கனுக்கும் நன்றிக்கும் உள்ள உறவை அந்த வரிசையே காட்டிவிடுகிறது. அதற்கும் முன்னால், சங்க காலத்தில், பத்துப்பாட்டின் பத்து நூல்களில் ஐந்து ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வருகிற வறியவனைக் காண்கிறான். பெற்றதை மூட்டைகட்டிக்கொண்டு ஒதுங்கிப் போகவில்லை. எந்த வழியாகப் போனால் அந்த வள்ளலைக் காணலாம், வழியில் எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எங்கே தங்கலாம் என்று விரிவாகச் சொல்கிறான். பெற்ற உதவிக்கு அவன் செலுத்தும் நன்றி எது? அடுத்தவனுக்கு வழி சொல்வதுதான். உலகத்தில் பயண இலக்கியம் எத்தனையோ உண்டு. நன்றி உணர்வே வழிகாட்டியாக மாறிய ஓர் இலக்கிய வகையை நம் முன்னோர் படைத்துத் தந்திருக்கிறார்கள். வழி நடந்தவர் வழி சொல்லவேண்டும். வாழ்ந்தவர் வாழும் முறை சொல்லவேண்டும். முதுமையின் பணி இதைவிட வேறென்ன?

இந்த மரபு பழங்கதை ஆகிவிடவில்லை என்பதற்கு 2023ஆம் ஆண்டே சான்று. மலையக மக்களின் வரலாற்றுக்கு இருநூறு ஆண்டு நிறைவடைந்ததை முன்னிட்டு, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கியது. மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று முன்னோர் வந்த வழியிலேயே 250 கிலோமீற்றருக்கும் மேல் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி அதில் கலந்துகொண்டவர்கள் மாத்தளையை வந்தடைந்தார்கள். எத்தனையோ தொடக்க இடங்களும் முடிவிடங்களும் இருக்க, ஏன் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில் முடித்தார்கள்? பேருந்தில் போய் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடத்தியிருக்கலாமே, ஏன் நடந்தார்கள்? பெயரில்லாமல் வழியில் விழுந்தவர்களுக்கு நன்றி செலுத்த, அந்த வழியையே மிதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வழியெங்கும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களை வரவேற்றார்கள். வந்தவர்கள் வெறுமனே கண்ணீர் வடித்துவிட்டுப் போகவில்லை. காணி உரிமை, வீட்டுரிமை, நியாயமான ஊதியம், சமமான பிரஜாவுரிமை என்று கோரிக்கைகளைச் சுமந்து வந்தார்கள். நன்றியும் உரிமைக் குரலும் ஒரே நடையில் நடந்தன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நான் எடுத்துக்கொள்ளும் மறுப்புக்கு விடை இதில்தான் இருக்கிறது.

என்ன மறுப்பு? நன்றி நன்றி என்று எங்களுக்குப் போதிக்கிறீர்களே, எதற்கு நன்றி, யாருக்கு நன்றி என்று ஓர் இளைஞர் கேட்கலாம். ஆசை காட்டி அழைத்து வந்தார்கள், துண்டுக் கடனில் கட்டிவைத்தார்கள், பத்தடிக் காம்பராவில் அடைத்தார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கினார்கள். இதற்கெல்லாம் நன்றி சொல்லவேண்டுமா? நன்றி என்பது அடங்கிக் கிடக்கக் கற்றுக்கொடுக்கும் பாடம்தானே? இது நேர்மையான கேள்வி. என் விடையும் நேரடியானது. கொடுமை செய்தவனுக்கு நன்றிக்கடன் கிடையாது. வேலை கொடுத்த துரைக்கு விசுவாசமாக இரு என்று சொல்வது நன்றியைப் பற்றிய பேச்சே அன்று. நம் கடன், காட்டில் விழுந்தவர்களுக்கு. தான் பட்டினி கிடந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்க்கு. 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யருக்கும், மேடையில் பாடிப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பிய மீனாட்சி அம்மைக்கும். வாய்மொழியாக மறைந்துபோக இருந்த தொழிலாளர் பாடல்களைச் சேகரித்த சி. வி. வேலுப்பிள்ளைக்கு. இவர்களுக்குக் கடன்பட்டவன் அடங்கிக் கிடப்பானா? அவர்கள் தொடங்கியதை முடிக்க எழுந்து நிற்பான். யாருக்கு நன்றி என்று தெளிவாகத் தெரிந்தவனுக்கே யாரிடம் நியாயம் கேட்கவேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது மறுப்பு வறுமையிலிருந்து வருகிறது. பயணம் பணக்காரருக்கு உரியது. நாட்கூலியில் வாழ்ந்து முடித்தவர் எங்கே போவார்? இதையும் ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்தில் உழைத்தவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி மொத்தமாக ஒருமுறை கைக்கு வருகிறது. அது பேத்தியின் படிப்புக்கும் மகனின் கடனுக்கும் வீட்டுக் கூரைக்கும் கரைந்துவிடுகிறது. உடலோ கூடை சுமந்து தேய்ந்த உடல். ஆனால் நான் கேட்கும் பயணம் எது? விமானம் ஏறும் சுற்றுலாவை நான் கேட்கவில்லை. இஸ்லாம் ஹஜ் பயணத்தைக்கூட உடல்வலுவும் வழிச்செலவும் உள்ளவருக்கே கடமையாக்கியது. இயலாதவர் மீது சுமையேற்றுவது எந்த அறத்திலும் இல்லை. கூடவே கொழுந்து எடுத்த பழைய தோழி பக்கத்துத் தோட்டத்தில் படுத்திருப்பாள். அவளைப் பார்க்கப் போவது பயணம். எழுத்தறிவித்த தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஓய்வுபெற்று உக்குவளையிலோ இறத்தோட்டையிலோ இருப்பார். அவர் வாசலுக்குப் போவது பயணம். பிரசவ வேளையில் உதவிய சிங்களக் கிராமத்து அம்மா ஒருவர் ஆற்றுக்கு அப்பால் இருப்பார். அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோவது பயணம். இதற்கு ஒரு பேருந்துச் சீட்டும் துணைக்கு ஒரு பேரப்பிள்ளையும் வேண்டும். அந்தச் செலவு முதியவரின் செலவன்று, குடும்பத்தின் செலவு.

மூன்றாவது மறுப்பைப் பிள்ளைகள் சொல்கிறார்கள். நாங்கள் மாதாமாதம் காசு அனுப்புகிறோம், மருந்து வாங்கிக் கொடுக்கிறோம், வேறென்ன செய்யவேண்டும்? காசு அனுப்புகிற பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். கொழும்புக் கடைகளில் நின்றுகொண்டே நாளெல்லாம் உழைத்து அனுப்பும் காசு அது. ஆனாலும் ஒன்றை நினைவூட்டுகிறேன். இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது என்று அது சொல்கிறது. பராமரிப்புக் கேட்டு முறையிடவும் வழி செய்கிறது. அண்டை நாடான இந்தியாவிலும் 2007இல் இத்தகைய சட்டம் வந்தது. எதைச் சட்டம் வாங்கித் தரும்? சோறும் துணியும் மருந்தும் வாங்கித் தரும். ஒரு மாலை முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கச் சட்டத்தால் ஆணையிட முடியுமா? கையைப் பிடித்து அழைத்துப்போய் அவர் பிறந்த லயத்தைக் காட்டிவரச் சட்டத்தால் சொல்ல முடியுமா? சட்டம் எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே நன்றி தொடங்குகிறது. பராமரிப்பது பிள்ளையின் கடமை. உடன் நடப்பதில்தான் நன்றி இருக்கிறது.

உடன் நடப்பது எவ்வளவு அரிய பேறு என்பதை 1964ஆம் ஆண்டு நமக்குக் கற்றுத் தந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகள் பங்கு பிரித்தன. மிச்சமிருந்தோரின் பங்கீடு 1974இல் முடிவானது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் ஆனார்கள். நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று வாழும் எத்தனையோ குடும்பங்களின் மறுபாதி இந்த மலைகளில் இருக்கிறது. அதே 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னாருக்கு வந்த பழைய கப்பல் வழியையும் துண்டித்தது. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்கு முடிவு காண 2003இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. பிரஜாவுரிமை இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு ஏது? கடவுச்சீட்டு இல்லாதவர் உடன்பிறந்தவளின் சாவுக்குக்கூடப் போக முடியுமா? எனவே, பயணம் ஓர் ஆடம்பரம் என்று மலையகத்தில் யாரும் சொல்லவேண்டாம். அது நம்மிடமிருந்து பறிக்கப்பட்டிருந்த உரிமை. முன்னோர் போராடி மீட்டுத் தந்த அந்த உரிமையைப் பயன்படுத்தி, பிரிந்த உறவைத் தேடிப் போவதும் அவர்களுக்குச் செலுத்தும் நன்றியே.

கடைசியாக ஒரு மறுப்பு. பழையதையே பேசிக்கொண்டிருப்பதால் முதியவர்களின் மனம் சோர்ந்துவிடாதா, வேதனையைக் கிளறவேண்டுமா என்று அன்போடு கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க உளமருத்துவர் ரொபேட் பட்லர் 1963இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், முதியவர்கள் கடந்தகாலத்தைத் திரும்பத் திரும்ப நினைப்பது மூளை தளர்ந்ததற்கு அறிகுறி அன்று, வாழ்வைக் கணக்கெடுத்துப் பார்க்கும் இயல்பான செயல் என்று வாதிட்டார். 2003இல் ரொபேட் எமன்ஸ், மைக்கேல் மெக்கலோ என்னும் உளவியலாளர்கள் நடத்திய ஆய்வில், தாம் நன்றி பாராட்டும் காரியங்களைத் தொடர்ந்து எழுதிவந்தவர்கள், தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். வேதனையை நினைப்பதே நோய் ஆகாது. கேட்க ஆளில்லாமல் நினைப்பதுதான் நோய். தாத்தா சொன்ன கதையையே சொல்கிறார் என்று பேரன் சலித்துக்கொள்கிறான். ஒரே கதையை அவர் ஏன் மீண்டும் சொல்கிறார்? அதில் இன்னும் தீராத ஒரு கடன் இருக்கிறது. யாரோ ஒருவருக்குச் சொல்லவேண்டிய நன்றி அதில் நிற்கிறது. அந்த மனிதர் யார் என்று கேளுங்கள். அவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகள் இருப்பார்கள். அங்கே கூட்டிப் போங்கள்.

முதியோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நன்றியைப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்க முடியாது. நீங்கள் பிறருக்குச் செலுத்துவதைப் பார்த்துத்தான் அவர்கள் கற்பார்கள். நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா என்று தொடங்கும் கதை, பிள்ளையின் தலையில் சுமையாக இறங்கும். எனக்கு யார் யார் உதவினார்கள் தெரியுமா என்று தொடங்கும் கதை, அவன் கண்ணைத் திறக்கும். ஆற்றுப்படைக் கலைஞனைப்போல், நீங்கள் பெற்றதை எந்த வழியில் பெற்றீர்கள் என்று சொல்லுங்கள். உதவியவர் தமிழரானால் என்ன, சிங்களவரானால் என்ன, முஸ்லிமானால் என்ன? பெயரைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள். கலவர காலத்தில் கதவைத் திறந்து ஒளித்துவைத்த அயலவர்களின் பெயரைச் சொல்லுங்கள். இந்த நாட்டில் பகைக்குப் பல சாட்சிகள் ஏட்டில் ஏறிவிட்டன. உதவிக்குச் சாட்சி நீங்கள்தான். நீங்கள் சொல்லாமல் போனால் அந்தச் சாட்சியமும் உங்களோடு போய்விடும்.

இளையவர்களே, உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். கேளுங்கள், எழுதுங்கள், அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டு மூத்தவரிடம் அவர் வாழ்வில் உதவியவர்களின் பெயரைக் கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவுசெய்யுங்கள். அந்தப் பெயர்களில் ஒன்றையேனும் தேடி, இந்த ஆண்டு முடிவதற்குள் அந்த மூத்தவரை அங்கே நேரில் அழைத்துச் செல்லுங்கள். நடக்க முடியாதவராக இருந்தால், அவருக்காக நீங்கள் போய், அவர் சொல்லச் சொன்ன நன்றியைச் சொல்லிவிட்டு வாருங்கள். சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் பாடசாலைகளும் இதற்குத் துணை நிற்கட்டும். கோயில் சபைகள் தேர்த்திருவிழாவுக்கு வரும் முதியவர்கள் தம் குடும்ப வரலாற்றைச் சொல்ல ஓர் இடம் ஒதுக்கட்டும். மாணவர்கள் அதை எழுதிச் சேர்க்கட்டும். இது பெரிய பணம் கேட்கும் வேலையன்று, மனம் கேட்கும் வேலை. காட்டு வழியில் விழுந்தவர்களின் பெயரை நம் முன்னோரால் எழுதிவைக்க முடியவில்லை. நமக்கு எழுத்தும் இருக்கிறது, வீதியும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. இனியும் ஒரு பெயர் மறக்கப்படுமானால் அது நம் குற்றம். நாளைக் காலையிலேயே தொடங்குங்கள்.